நேராக்கிய குரல்

டயர் கடை,
11 பிப்ரவரி 2019

அன்பு மகன் ராய்மோந்தோவுக்கு,

உன் அப்பா பக்கீசியோ எழுதுவது. நாங்கள் நலம். நீயும் தூரின் நகரத்துப் பனியில் காதை மூடிக்கொண்டு நலமாக இரு. காதுதானே உனக்குச் சோறு போடுகிறது.

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கடை மேசையின் ஒரு கால் குட்டை. போனில் பேசியிருப்பேன், ஆனால் என் போன் அடித்தாலும் முதலில் எடுப்பவள் உன் அம்மா. இது அவளுக்குத் தெரிய வேண்டாத விஷயம், பதிலைக் கடைக்கே எழுது. அவளுக்கு வரவரக் கஞ்சத்தனம் கூடிவிட்டது. போன அக்டோபரிலிருந்து எனக்கு அரைக் கோப்பைக் காபிதான். கேட்டால், "முதல்ல இதைக் குடிச்சு முடி, அப்புறம் ஊத்துறேன்" என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபைத் தலைவர் தோரே அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அவரைப் பார்க்கப் போன நாங்கள் அவர் வீட்டு மதுப் பீப்பாயையும் பார்த்துவிட்டு வந்தோம். அன்றிலிருந்து பாட்டுக்காரன் எவனையும் அவர் மனைவி வாசலில் ஏற்றுவதில்லை. அதனால் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத் திங்களன்று ஊர்வலத்தில் பாடப்போகும் நாலு பேரை, அவரவர் பதிந்து அனுப்பும் குரலைக் கேட்டே பொறுக்கப்போகிறார்.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அடிக்குரல் என்னுடையது. போன வருஷம் என்னவோ ஆகிவிட்டது. தோளில் கை போட்டு நாலு பேரும் பாடினோம். மேலே அந்த ஐந்தாவது குரல் எழவே இல்லை. நாலும் சரியாகப் பூட்டிக்கொண்டால்தான் யாரும் பாடாத அந்தக் குரல் மேலே கேட்கும், மாதாவே பாடுவாள் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? மூன்று பேரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

போனில் பாடிப் பதிந்து, மெமரி கார்டைக் கழற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் ஸ்டுடியோவில் பாடகிகளுக்குச் செய்வதை எனக்கும் செய். கழுதை கத்தினாலும் சுருதியில் நிறுத்திவிடுவேன் என்று நீதானே பீற்றினாய்? இதோ கழுதை.

எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்த உன் அப்பா,
பக்கீசியோ

*

தூரின்,
20 பிப்ரவரி

அன்புள்ள அப்பா,

கார்டு கிடைத்தது. பின்னால் காற்றடிக்கும் இயந்திரமும் சேர்ந்து பாடுகிறது. முதலில் சிரித்தேன்.

எங்கள் மென்பொருளில் குரல் ஒரு கோடாகத் திரையில் வரும். சுருதி விலகினால் கோடு ஏறும் அல்லது இறங்கும். அதைப் பிடித்து இழுத்து இடத்தில் வைப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் கோடு சும்மா ஏறி இறங்கவில்லை, நடுங்குகிறது. மூச்சு முட்டும் இடத்தில் மட்டுமல்ல, நீங்கள் சுகமாக நிற்கும் இடத்திலும், ரம்பப் பல் மாதிரி ஒரே சீராக. என் கல்யாணத்தில் நீங்கள் பாடியதைத் தேடி எடுத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அது இழுத்துக் கட்டிய கயிறு.

வயதான பாடகர்களின் கோடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவருக்குத்தான் இருந்தது. இப்போது அவருக்குச் சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும்.

கோபிக்காமல் சொல்லுங்கள், கை நடுங்குகிறதா? போன கோடையில் உங்கள் கடை மேசையின் கால்களை அறுத்துச் சமன் செய்தவன் நான்தான். நாலும் ஒரே உயரம்.

சாஸ்ஸரி நகர ஆஸ்பத்திரிக்குப் போய் வாருங்கள். குரலைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

உங்கள் மகன்,
ராய்மோந்தோ

*

டயர் கடை,
1 மார்ச்

அன்பு மகனுக்கு,

மேசைக்குத் தச்சன் நீ என்பதை மறந்தேன். பொய் சொல்லவும் கொஞ்சம் படிப்பு வேண்டும்.

வலது கை. நட்டை வைத்தால் அது திருகாணியைச் சுற்றி நடனமாடிவிட்டுத்தான் உட்காருகிறது. சவரம் செய்த அன்று பூனையோடு சண்டை போட்டவன் மாதிரி இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், ஆனால் ஈஸ்டர் முடியட்டும். சாஸ்ஸரி பஸ்ஸை ஓட்டுவது யார்? எங்களோடு உச்சக்குரல் பாடும் பியேரு. நான் ஏறி உட்கார்ந்தால், இறங்குவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

ராய், இந்த ஊரில் டயர் ஒட்ட இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் போனால் எவனும் தேட மாட்டான். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நான் வெள்ளை அங்கி போட்டு முன்னால் நடக்கிறேன். உன் அம்மா ஜன்னலில் நிற்கிறாள். பாடுகிறவர்களில் என் பெயரை வாசிக்காவிட்டால் அவளிடம் என்ன சொல்வேன்? இந்த ஒரு தடவை. அப்புறம் உன் டாக்டர் என் தலையையே கழற்றிப் பார்க்கட்டும்.

கெஞ்சத் தெரியாத அப்பா

*

தூரின்,
10 மார்ச்

அப்பா,

நேராக்கிவிட்டேன். கார்டு உள்ளே இருக்கிறது. சந்தேகம் வராமல் இருக்க ஓர் இடத்தில் மட்டும் லேசாக நடுங்கவிட்டேன். திருடன் மாதிரி யோசிக்க வேண்டியிருந்தது.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரைப் பதிந்திருக்கிறேன். இது பேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ராய்மோந்தோ

*

வீடு,
27 ஏப்ரல்

அன்பு மகனுக்கு,

இது யாருடைய கையெழுத்து என்று உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், உன் அம்மா பெப்பா எழுதுகிறாள். நடுவில் அவளாக எதையாவது சேர்த்தால் நான் பொறுப்பல்ல.

தோரே அண்ணன் என் பெயரை முதலாவதாக வாசித்தார். "பக்கீசியோவுக்கு இருபது வயசு குறைஞ்சிருக்கு" என்றாராம். தெருவெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

புனித வாரத் திங்கட்கிழமை காலைப் பூசை முடிந்து, கோயில் படியில் வட்டமாக நின்றோம். பியேருவின் கை என் தோளில். பாட்டின் முதல் அடியிலேயே குரல் நடுங்குவது எனக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த அடிக்கு மூச்செடுக்கும்போது காதில் கேட்டான்:

"என்னடா, குளிருதா?"

"ஆமா."

"அப்போ வாயை மூடிக்கோ. குளிர் உள்ளே போயிடும்."

மூடவில்லை. மூடினால் ஊர் பார்க்கும். வாயை அசைத்துக்கொண்டே ஊர்வலம் முழுக்க நடந்தேன், கரையில் போட்ட மீன் மாதிரி. மூன்று பேர் பாடினார்கள். ஐந்தாவது குரலுக்கு அடியே இல்லாதபோது அது எங்கிருந்து எழும்? ஜனங்கள் வழக்கம்போல அழுதார்கள். அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

சாயங்காலம் தோரே அண்ணன் சக்கர நாற்காலியில் வந்து பிடித்துக்கொண்டார். "நீ அனுப்பினியே, அதுல பாடினது யாரு?"

"என் மகன்" என்றேன்.

"அப்போ வர்ற வருஷம் அவனையே அனுப்பு."

அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டேன். வர்ற வருஷம் ஊர்வலத்தில் சிலுவையாவது தூக்கலாமா என்று கேட்க வாய் வந்தது. கையைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை டாக்டர் என்னை ஒரு வட்டம் வரையச் சொன்னார். வரைந்தேன். நீ சொன்ன ரம்பம் வந்தது. நடுக்குவாதமாம். முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். பாட்டு ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் என் மகன் என்றேன். சிரிக்கவில்லை. நல்ல டாக்டர்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டாள். பிறகு, "நான் ஏன் அரைக் கோப்பை ஊத்துறேன்னு நினைச்சே?" என்றாள். அக்டோபரிலிருந்து காபி சிந்தாமல் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவளைக் கஞ்சம் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். இதையும் அவள் கையாலேயே எழுதுகிறாள்.

நேராக்கியதற்கு நீ வருந்தாதே. கேட்டது நான்.

கையெழுத்து மட்டும் நானே போடுகிறேன்,
பக்கீசியோ

ராய், அப்பா படுக்கப் போய்விட்டார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த நோயில் நாளாக ஆகக் குரல் தேய்ந்துபோகுமாம், பேச்சுக்கூட. நீ நேராக்கியது எனக்கு வேண்டாம். கடையில் முதலில் பாடி அனுப்பினாரே, அதை அழித்திருக்க மாட்டாய். அந்த இயந்திரச் சத்தத்தோடு, நடுங்குகிறபடியே எனக்கு அனுப்பு.

அம்மா