கீறலுக்குள் நீலம்

உங்கள் வெள்ளி ரூபாய்க்கு நான் நிறம் ஏற்றிவிட்டேன் என்று உங்கள் தம்பி சொந்தத்தில் எல்லோரிடமும் சொல்லி வருகிறார். அது பொய். விபூதி போட்டுக் குத்துவிளக்கு துலக்கிய இந்தக் கை உங்கள் நாணயப் பெட்டியை ஒருநாளும் தொட்டதில்லை.

இன்று காலை கீழ்வீட்டில் முட்டை வேகும் வாசனை மாடிப்படி ஏறி வந்தது. அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நீங்கள் போன பிறகு ரூபாயை இணைய ஏலத்தில் போட்டவரே உங்கள் தம்பிதான். படத்தின் கீழே யாரோ ஒருவர், இது காலம் தந்த நிறமல்ல, விலையைக் கூட்ட அவித்த முட்டையோடு டப்பாவில் மூடிவைத்து ஏற்றியது என்று எழுதிவிட்டார். பொறுக்காமல் தம்பி வீட்டுக்குப் போய், படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன்.

ரூபாயில் இருக்கும் ராணியின் கன்னத்தில் அந்தக் கீறல். அல்சூர் வீட்டுக்கு வந்த புதிதில் ஆட்டுக்கல் மேல் கை தவறிப் போட்டீர்களே, அது. அன்று வெள்ளை நூல்போல மின்னியது. இப்போது அதற்குள்ளும் சுற்றியிருக்கும் அதே நீலம். வாங்கும்போதே இருந்த நீலம் என்றல்லவா சொல்வீர்கள்?

ஏலப் படங்களில் எத்தனை பேரை இப்படிப் பிடித்திருக்கிறீர்கள். "கீறலுக்குள்ளயும் அதே கலர்னா, கீறலுக்கு அப்புறம் ஏத்தினது. அவ்வளவுதான் மேடம்." என் கான்வென்ட் படிப்பைக் கேலி செய்ய நீங்கள் வைத்த பெயர், மேடம்.

வெங்காயம்கூட நாள் பார்த்து நுழையும் வீட்டில், டாக்டர் சொன்னார் என்று நீங்களே முட்டை அவித்தீர்கள். டப்பாவில் மூடி உங்கள் அறைக்கு எடுத்துப் போவீர்கள். நீங்கள் தின்று நான் பார்த்ததில்லை.

தம்பி கணினியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணி, யாராவது ஒருத்தர் பேரு கெடணும். உங்க பேருன்னா வீட்டோட போயிடும். அண்ணன் பேருன்னா, அவர் வித்த ஒவ்வொரு காசையும் சந்தேகப்படுவாங்க."

பழியை ஏற்கிறேனா என்று நாளை அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் செய்யவில்லை என்றால், இந்த வயதிலும் வாசல் வாசலாகப் போய்ச் சண்டை போடுவேன். செய்திருந்தால் பழி என்னோடு இருக்கட்டும். ஆனால் தெரிந்து சுமக்க வேண்டும். தெரியாமல் சுமக்க என்னால் முடியவில்லை.

கோபித்துக்கொண்ட நாட்களில் நாம் பேச மாட்டோம். காபி டம்ளருக்கு அடியில் சீட்டு வைப்போம். மழுப்பலாக எழுதினால் நான் திருப்பி வைத்துவிடுவேன். இன்று மாலை போட்ட உங்கள் படத்தின் முன், உங்கள் டம்ளருக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். பக்கத்தில் உங்கள் பேனா இருக்கிறது.

ஆம், அல்லது இல்லை. தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.