நோனிச் சாற்றுக்கு அத்தாட்சி

அன்பு மகள் இர்பானாவுக்கு அந்தமான் லாங் ஐலண்டிலிருந்து அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் கடையும் அல்லாஹ்வின் கிருபையில் நலம், உன் அத்தா நலமா இல்லையா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் என்ன என்பாய், டவர் கிடைக்கிற நேரமெல்லாம் அத்தா என் பக்கத்திலேயே உட்கார்ந்து காது கொடுக்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது.

உன் ரியாஸ் சாச்சா போர்ட் பிளேயரில் செல்போன் கவர் விற்று ஓய்ந்துபோய் இப்போது நோனிப் பழச்சாறு விற்கிற பெரிய வைத்தியராகிவிட்டான். அண்ணனுக்கு சுகர் என்று ஒரு பெட்டி பாட்டில் அனுப்பினான், இவரும் ஆஸ்பத்திரி மாத்திரையைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டு அந்த நாற்றத்தைக் காலையும் மாலையும் குடிக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து காற்றும் மழையும் பிடித்து தீவுக்குச் சரக்கு கொண்டுவரும் போட் நின்றுபோனது. கடையில் சீனி இல்லை, மைதா இல்லை, பிஸ்கட் டப்பா காலி, அரிசியைக்கூட அளந்துதான் பொங்கினேன். முருங்கைக்கீரையும் கருவாடும் தின்று சீனி போடாத டீ குடித்த மனுஷனுக்கு சுகர் இறங்காமல் என்ன செய்யும், நீ அனுப்பிய மெஷினில் பார்த்தால் நன்றாகவே இறங்கியிருந்தது. சாச்சா அந்த மெஷினைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, இதுதான் அத்தாட்சி என்று ஹேவ்லாக் தீவு வரைக்கும் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் பரப்பினான். போட் வராததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

பிறகு போட் வந்தது, சீனி வந்தது, ரஸ்க் வந்தது, சாறு மட்டும் நிற்கவே இல்லை. சுகர் முன்பைவிட மேலே ஏறிவிட்டது. சாச்சாவைப் போனில் பிடித்துக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், “பாபி, உள்ள ஒளிஞ்சிருந்த சுகர நோனி வெளிய தள்ளுது, அதான் கூடக் காட்டுது, தோடா பரோசா வைங்க, கொஞ்சம் நம்புங்க.” ஆக இறங்கினாலும் சாறு வேலை செய்கிறது, ஏறினாலும் சாறு வேலை செய்கிறது. என்ன ஆனால் வேலை செய்யவில்லை என்று ஒத்துக்கொள்வாய் என்று கேட்டேன், சிக்னல் போய்விட்டதாம், வைத்துவிட்டான். இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் பாட்டில் மேல் ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறான்.

எனக்கும் வீம்பு வந்துவிட்டது. பாட்டிலில் இருந்ததை வாழைக்குக் கொட்டிவிட்டு, நாள்பட்ட நீராகாரம், புளி, இஞ்சி, மணத்துக்குக் கொஞ்சம் கருவாடு கழுவிய தண்ணீர் என்று கலந்து ஊற்றி வைத்தேன். உன் அத்தா அதைக் குடித்துவிட்டு, உடம்பு லேசாக இருக்கிறது, முன்பு வந்த பாட்டிலைவிட இது வீரியம் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு வாரம் விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்த சாறே போதும், அதுதான் வேலை செய்திருக்கிறது என்கிறார். இந்த மனுஷனிடம் என்ன பேசுவது, அண்ணனும் தம்பியும் ஒரே அச்சில் வார்த்தது.

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. போட் வந்த அன்று சரக்கு இறக்கும்போது படகுத்துறையில் தகரம் கீறி அவருக்கு வலது கால் பெருவிரலில் காயம், இன்னும் ஆறவில்லை, விரல் நுனி கறுத்துக்கொண்டு வருகிறது, தொட்டால் தெரியவில்லை என்கிறார். ஆஸ்பத்திரி சிஸ்டர் அங்கம்மா பார்த்துவிட்டு உடனே போர்ட் பிளேயர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள், தள்ளிப்போட்டால் விரலோடு போகாது என்றும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். எனக்குப் பயமாக இருக்கிறது இர்பானா. இவரோ அந்தப் பெட்டி தீரட்டும் பார்க்கலாம் என்று காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

இத்தனைக்கும் அவர் யாரை சாட்சிக்குக் கூப்பிடுகிறார் தெரியுமா, தம்பியைக்கூட இல்லை. அங்கம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார், “எம் பொண்ணு பெங்களூர் லேப்ல மருந்தையே டெஸ்ட் பண்றவ, அவளே ‘குடிங்க அத்தா’ன்னு சொல்லிட்டா.” சொன்னாயாமே. மருந்துக் கம்பெனியில் ஒரு மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க மருந்தே இல்லாத மாத்திரையையும் ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறவள் நீ, அத்தா ஆசையாகக் கேட்கிறாரே என்று மனசு நோகாமல் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். சாச்சா முட்டாள், அவனை மன்னிக்கலாம். உன்னை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் பேச்சு, அங்கம்மா பேச்சு, மெஷின் காட்டியது, கறுத்த விரல், எதுவும் உன் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்கவில்லை.

அல்லாஹ் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், வேளைக்குச் சாப்பிடு. இது கைக்குக் கிடைத்ததும் அத்தாவைக் கூப்பிடு, நலம் விசாரித்துக்கொண்டிருக்காதே. யோசிக்காமல் சொல்லிவிட்டேன், நான் சொன்னது தப்பு என்று உன் வாயால் சொல். அதை மட்டும் அவர் நம்புவார், கால் இருக்கும்போதே சொல்.

துஆவுடன்
உன் அம்மா பஷீரா