பனிச்சங்கேணிப் பாலத்தில் நின்ற வான்

செப்டெம்பர் 9

வான் இன்றும் வழியில் நின்றது. எஞ்சினுக்குப் பெற்றோல் விடும் காபரேட்டருக்குள் மறுபடியும் தூசி. கழற்றி, ஊதி, பூட்டி ஓட்டிவிட்டேன். பெற்றோல் மணத்தில் தம்பி லக்ஷன் மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வரைக்கும் இருமிக்கொண்டே வந்தான். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தப்படுத்தாவிட்டால் மூச்சு முட்டும். அதே சிகிச்சைக்குப் போகும் நஸீபா ராத்தாவையும் ஓட்டமாவடியில் ஏற்றிக்கொள்கிறோம்.

செப்டெம்பர் 20

ஓட்டமாவடியில் கராஜ் வைத்திருக்கும் அம்ஜத் நானாவிடம், வான் நிற்காமல் ஓட என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"காபரேட்டர எடுத்துப்போட்டு பெற்றோல் இன்ஜெக்சன் போடலாம் புள்ள. அடிபட்ட வானொண்டு கிடக்கு, அதில சாமான் எடுப்பம். எவ்வளவு பெற்றோல் விடுறதெண்டு கொம்பியூட்டர் பெட்டியே பாத்துக்கொள்ளும்."

லக்ஷனுக்கு விருப்பமில்லை. "இப்ப நிண்டாலும் உனக்குத் திருத்தத் தெரியுமே அக்கா."

அவன் சொன்னதை நான் கேட்கவில்லை.

ஒக்டோபர் 6

இன்ஜெக்சன் போட்டாயிற்று. திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் எடுத்தது. பெற்றோல் மணமே இல்லை. லக்ஷன் வழியெல்லாம் நித்திரை.

நவம்பர் 18

அவன் போய்விட்டான்.

நவம்பர் 25

அன்று மழை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பனிச்சங்கேணிப் பாலத்தில் எஞ்சின் சத்தமில்லாமல் நின்றது. மூடியைத் திறந்தேன். எதைக் கழற்றுவது? எதை ஊதுவது? வயரும் பெட்டியும்தான் தெரிந்தன. "கதவத் திற அக்கா, காத்து வரட்டும்" என்றான். மீன் லொறி ஒன்று எங்களை ஏற்றியபோது அவனுக்குப் பேச்சு நின்றிருந்தது. வாழைச்சேனை போய்ச் சேரமுதல் என் மடியிலேயே —

ஏன் மாத்தினன்? அவன் சொன்னவன்தானே. சொன்னவன்தானே.

டிசம்பர் 3

அம்ஜத் நானா வந்தார். முற்றத்தில் நின்றபடியே பேசினார். எஞ்சின் சுற்றுவதைக் கொம்பியூட்டர் பெட்டிக்கு அறிவிக்கும் வயர் இரும்பில் உரசி அறுந்திருந்ததாம். அது அறுந்தால் பெட்டி பெற்றோலை நிறுத்திவிடுமாம்.

"நான்தான் சரியாக் கட்டாம விட்டுட்டன். என்னை ஏசு புள்ள."

பழைய காபரேட்டரையே திரும்பப் போட்டுத் தரட்டா என்று கேட்டார்.

என்னத்துக்கு? ஆரை ஏத்த?

டிசம்பர் 11

நஸீபா ராத்தாவின் போன். "பஸ்ஸில நிண்டு போக ஏலாமக் கிடக்கு மகள்." பிறகு, "நான் உன்னட்டக் கேக்கக்கூடாதுதான்."

போனை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 16

கராஜுக்குப் போனேன். காபரேட்டர் வேண்டாம் என்றேன்.

"அந்த வயர் எங்கால ஓடுதெண்டு காட்டுங்க. அறுந்தா என்ன செய்யிறதெண்டும் காட்டுங்க."

அம்ஜத் நானா காட்டினார். நானே வெட்டி, நானே பொருத்தினேன். எஞ்சின் எடுத்தபோது அழுகைதான் வந்தது.

அப்படியே நஸீபா ராத்தாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றப் போனேன். அவர் பின்சீட்டில் ஏறப்போனார். முன்னால், லக்ஷன் இருந்த இடத்தில் வந்து இருக்கச் சொன்னேன்.