சுற்ற மறந்த பிலிம்

9-10-1975
ஏலக்காய்ச் சீசன். விடியும் முன் ஜீப்பில் போடிமெட்டுத் தோட்ட வேலைக்கு, இருட்டிய பின் சிலமலை வீட்டுக்கு. தங்கை பொன்னுமணிக்குத் தேவாரத்தில் வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பட்டாளத்தில், படம் பார்த்துத்தான் சம்மதம் சொல்வாராம். போடி ஸ்டுடியோவில் எடுக்கச் சொன்னார் தரகர் தவசி. நான்தான், "டப்பா கேமரா கையில இருக்கைல ஸ்டுடியோ எதுக்குண்ணே?" என்றேன். பெருமை!

11-10
மழை. வெயில் இல்லாமல் இந்தக் கேமராவில் எதுவும் விழாது.

14-10
பக்கத்து வீட்டு மருதாயி அத்தை இறந்துவிட்டார். "ஆத்தா மொகம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்லண்ணே" என்று மகன் சோலைமலை அழுதான். தாடையைக் கட்டி, மாலை போட்டு, நாற்காலியோடு வாசல் வெயிலில் உட்கார்த்தினார்கள். எடுத்தேன். உடனே பாடைக்குத் தோள் கொடுக்கக் கூப்பிட்டார்கள். கேமராவை வீட்டில் வைத்துவிட்டு ஓடினேன்.

16-10
நல்ல வெயில். வேலைக்கு லீவு போட்டேன். அம்மாவின் பட்டுச்சேலையில் பொன்னுமணியை நிறுத்தி எடுத்தேன். அசையாதே என்றால் சிரிக்கிறாள். பிலிமைப் போடி ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தனுப்பியாயிற்று. இனி எனக்குப் பகலில் மலையைவிட்டு இறங்க நேரமில்லை. படத்தைத் தவசியே வாங்கித் தேவாரத்துக்குக் கொண்டுபோவார்.

27-10
தவசி படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரே படத்தில் இரண்டு பேர். நாற்காலியில் மருதாயி அத்தை; அவர் மேலேயே பொன்னுமணி. பிணத்தின் மாலை இவள் கழுத்தில் கிடக்கிறது.

ஒரு படம் எடுத்ததும் பிலிமைச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் அடுத்ததும் அதே இடத்தில் விழும். அது எனக்குத் தெரியாதா? பாடை தூக்க ஓடிய அவசரத்தில் சுற்றவில்லை.

உறையைப் பிரித்தது மாப்பிள்ளையின் அம்மாவாம். "பொணத்தோட நிக்கிற பொண்ணு எங்களுக்கு வேணாம்" என்றுவிட்டாராம். வேறு படம் எடுத்துத் தருகிறேன் என்றேன். "அந்தப் பேச்சையே விட்ருப்பா" என்றார் தவசி.

29-10
பொன்னுமணி பட்டுச்சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். என்னைத் திட்டித் தொலைச்சாத்தான் என்ன?

3-2-1976
சின்னமனூர் வரனும் போயிற்று. படத்தின் கதை அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

20-6
பொன்னுமணியும் ஏலக்காய்க் காட்டு வேலைக்கு ஜீப் ஏறுகிறாள். வீட்டில் இருந்தால் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லையாம்.

2-10
மருதாயி அத்தைக்கு வருஷத் திதி. இருவரும் போனோம். சோலைமலை அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். போன மாதம் என்னிடம் கேட்டு வாங்கினான். அவனுக்கும் வேறு படம் ஏது?

பொட்டு வைத்து, மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். பொன்னுமணியும் கும்பிட்டாள். எழுந்தவள் படத்து மாலையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள்.

"நான் நல்லாத்தேன் விழுந்திருக்கேன்ணே" என்றாள்.