தம்பியின் அறுபதும் என் மறதியும்

சிவமயம்

சுன்னாகம்,
ஆங்கீரச வருஷம் ஆவணி மாதம் 29ந் திகதி

சிரஞ்சீவி மகன் பரமலிங்கத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. சந்நிதி முருகன் கிருபையால் நானும் உன் ஐயாவும் மூன்று நேரமும் சாப்பிட்டு நடமாடித் திரிகிறோம். என் முழங்கால் மட்டும் இருந்து எழும்பும்போது சத்தம் போடுகிறது, உன் ஐயாவுக்குக் காது கேட்பதில்லை ஆதலால் அது அவரைத் தொந்தரவு செய்வதில்லை. நீயும் கமலாவதியும் பிள்ளைகளும் அந்தச் சிரம்பான் மழையில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களோ என்று மறுதபாலில் எழுது. இந்த முறை வெங்காயம் நல்ல விளைச்சல், சந்தையில்தான் விலை இல்லை. சிவலைப் பசு கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது, தாயைப்போலவே நெற்றியில் வெள்ளை, தாயைப்போலவே உதைக்கிறது. நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் முழுக்க இல்லை, என் எழுத்து கோழி கிண்டினதுபோல இருக்கும், பொறுமையாய் வாசி. ஆடி மாதம் நீ எழுதின கடிதம் கிடைத்தது. மாமாவின் அறுபதுக்குக் கட்டாயம் போங்கோ அம்மா, போய் வாயைக் கட்டிக்கொண்டு இருங்கோ என்று எழுதியிருந்தாய். பெற்ற தாய்க்கு எழுதுகிற விதம் இதுதானோ என்று நான் இரண்டு நாள் உன் ஐயாவோடு கோபித்துக்கொண்டு இருந்தேன், நீ கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறாய் என்றபடியால். ஆனாலும் போனேன். வாயையும் கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பதினொரு வருஷமாக நான் ஏன் என் தம்பி வீட்டுப் படி மிதிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்தாலும் திரும்ப எழுதுகிறேன், மறக்கிறது உனக்குச் சுலபம். தம்பிராசா நெல்லியடியில் பெண்சாதி பூரணத்தின் சீதனக் காணியில் கல்வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று நான் விடியமுன்னம் போய்க் குசினிக்குள் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த அவனுடைய அரசாங்கக் கந்தோர்ப் பெரியவர் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர், குசினி வாசலில் நின்று அது யார் என்று கேட்டார். என் கூடப்பிறந்தவன், நான் இடுப்பில் சுமந்து திரிந்த பிள்ளை, அது வேலைக்கு உதவியாய் வந்த மனிசி என்று சொன்னான். என் சேலையில் தேங்காய்ப்பூவும் கரியும் இருந்தது உண்மை. அதற்காக அக்காள் அக்காள் இல்லாமல் போய்விடுவாளோ. கையில் இருந்த பாதித் தேங்காயை அப்படியே வைத்துவிட்டு எழும்பி, வழியில் கிடைத்த வண்டிலில் ஏறி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் திருவின ஒவ்வொரு தேங்காயிலும் அவன் முகம் தெரிந்தது. எங்கள் வீட்டுச் சம்பல் அவ்வளவு பொடியாய் இருப்பது அதனால்தான்.

ஆவணி பிறந்த கிழமை பூரணம் வெற்றிலைத் தட்டோடு வாடகைக் காரில் வந்து இறங்கினாள். நான் கன்றுக்குட்டியோடு கதைப்பதுபோல நின்றேன். அவள் அதற்கெல்லாம் அசையவில்லை. மச்சாள், நீங்கள் வராட்டில் சபையிலை இருக்கமாட்டன் எண்டு அவர் நிக்கிறார், நீங்கள் வந்தாலோ எனக்குப் பயமாய்க் கிடக்கு என்றாள். என்னத்துக்குப் பயம் என்று கேட்டேன். உங்கடை வாய்க்குத்தான் என்றாள். நல்ல பெண், முகத்துக்கு நேரே சொன்னாள். காரியம் இதுதான். தம்பிராசா உத்தியோகச் சோதனை எடுக்கப்போன நேரம் அவனுக்கு வயது கடந்துவிட்டது. எங்களைப் பெற்ற அப்பு ஒரு நொத்தாரிசைப் பிடித்துச் சத்தியக் கடுதாசி எழுதுவித்து மூன்று வயதைக் குறைத்தார். அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு வீட்டுக்கு ஒரு வயது, கந்தோருக்கு ஒரு வயது. ஆகவே அரசாங்கத்துக்கு அவனுக்கு இப்போதுதான் அறுபது முடிகிறது, உத்தியோகத்தால் விலகி வந்திருக்கிறான், பென்சன் கடுதாசி இன்னும் வரவில்லை. உண்மையில் அவனுக்கு அறுபத்து மூன்று. அவன் பிறந்ததைக் கண்ணால் கண்டவர்களில் இன்று மூச்சோடு இருப்பது நான் ஒருத்திதான். நான் கோபத்தில் சபையில் ஒரு வார்த்தை விட்டால் போதும், அடுத்த நாளே கொழும்புக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் போய்விடும், பென்சன் நின்றுவிடும்.

பூரணம் அதோடு விடவில்லை. பிறந்த வருஷத்தின் பேர் அறுபது வருஷத்தாலை திரும்பி வரேக்கைதானே மச்சாள் சாந்தி செய்யவேணும், அவர் தனக்கு ஒரு வயதுதான் குறைச்சது எண்டு சொல்லுறார், அவருக்கு இருமலும் விடுகுதில்லை, உண்மையாய் எந்த வருஷம் எண்டு நீங்களாவது சொல்லுங்கோ என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தாள். சுக்கில வருஷம் ஆவணி உத்தராடம் என்றேன். அவளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. சுக்கில வருஷம் திரும்பி வந்து போய் இப்போது மூன்று வருஷம். அந்த நேரம் அவன் கந்தோரில் கதிரையில் இருந்தான், அறுபது முடிந்தது என்று வெளியில் சொல்ல ஏலுமோ. அப்போதுதான் நான் ஒருவருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். அந்தச் சுக்கில ஆவணியில் நான் தொண்டைமானாற்றுச் சந்நிதிக்குப் போனேன், கொடியேறியிருந்த காலம். அவன் பேரையும் உத்தராடத்தையும் முருகனுக்கு முன்னால் சொல்லிக் கற்பூரம் கொளுத்தி, ஒரு கடகம் அரிசி அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கோபம் எனக்கும் அவனுக்கும், முருகனுக்கு அதில் என்ன. பூரணம் என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. சோறு கருகப்போகுது விடு என்று நான்தான் இழுத்து எடுத்தேன்.

உத்தராடத்தன்று காலமை எங்களுக்குக் கார் அனுப்பினார்கள். உன் ஐயா சாரதிக்குப் பக்கத்தில் பெரிய மனிதர்போல இருந்துகொண்டு, வல்லை வெளியில் காற்று நல்லாயிருக்கிறது என்று தலையை வெளியே நீட்டினார். சால்வை பறந்து போய் நாகதாளிப் பற்றைக்குள் விழுந்தது. சாரதி ஓடிப்போய் எடுத்துக் கொடுக்க, மறுபடி நீட்டினார். எனக்கும் நீட்ட ஆசையாய்த்தான் இருந்தது. பந்தல் பெரிசு, கதிரை வரிசையில் கொழும்புப் பெரியவர்கள் நாலைந்து பேர், பெண்களுக்குப் பாய். குருக்கள் கும்பம் வைத்து வருஷத்தைச் சொல்லும்போது ஆங்கீரசம் என்று சொன்னார். பூரணம் என்னைப் பார்த்தாள், நான் பந்தலைப் பார்த்தேன். பயற்றம் பணியாரம் பதம், வடைக்கு உப்புக் காணாது, பாயாசம் நான் இரண்டுதரம் வாங்கினேன், உன் ஐயா கேட்காதவர்போல இருந்து நாலுதரம் வாங்கினார். சாப்பாடு முடிய பூரணத்தின் மகள் செல்வநாயகி, கொழும்பில் படித்தவள், கேக் என்று ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். முட்டை போடவில்லை மாமி என்று சத்தியம் பண்ணினாள், மணத்தைப் பார்த்தால் கோழியே வந்து சாட்சி சொல்லும். அதற்கு மேலே அறுபது மெழுகுதிரி குத்திக் கொளுத்தினார்கள், சின்னச் சூரன்போர் மாதிரி இருந்தது. கொளுத்தின விளக்கை வாயால் ஊதி நூர்க்கிறதாம், அதற்கு எல்லாரும் கைதட்டுகிறதாம். இன்னும் மூன்று திரி குறையுதடா என்று என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. உன் கடிதத்தை நினைத்து ஒரு பணியாரத்தை எடுத்து வாய்க்குள் அடைத்தேன்.

அப்போதுதான் கதிரவேலு எழும்பினார். உனக்கு அவரைத் தெரியாது. தம்பிராசாவோடு ஒரே வகுப்பில் படித்து ஒரே கந்தோரில் இருந்து, அவனுக்கு மூன்று வருஷம் முந்திப் பென்சனில் வந்தவர். ஊரில் யாருக்கு ஒரு நல்லது நடந்தாலும் அவர் வீட்டில் பெட்டிசம் எழுதியே மை முடிந்துபோகும். ஆச்சி, ஊரிலை ஆருக்கு எப்ப பல்லு முளைச்சது எண்டதுவரைக்கும் உங்களுக்குத் தெரியுமாமே, தம்பி பிறந்தது எந்த வருஷம் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, நாங்களும் கேட்பம் என்றார். எல்லாரும் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள். தம்பிராசா கேக் வெட்டுகிற கத்தியோடு அப்படியே நின்றான். பரமலிங்கம், உன்னிடம் மறைப்பானேன், அந்த நேரம் எனக்குப் பெரிய சந்தோஷமாய் இருந்தது. இரண்டு சொல் சொன்னால் போதும், பாதித் தேங்காய்க்கு முழுக் கணக்கும் தீர்ந்துவிடும். அவன் முகத்தைப் பார்த்தேன். சின்னனில் அப்புவின் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டு என் சட்டைக்குப் பின்னால் வந்து ஒளித்தானே, அதே முகம், மீசை மட்டும் புதிசு. நான் பணியாரத்தை விழுங்கிவிட்டு, தம்பி கதிரவேலு, எனக்கு எழுபது வயதாகுது, நேற்றுத் திண்டது இண்டைக்கு ஞாபகமில்லை, எல்லாம் மறந்துபோச்சு என்றேன்.

அந்தச் சொல்லைச் சொல்ல நான் பட்ட பாடு உன்னைப் பெறும்போதும் படவில்லை. அந்த மனிதர் விட்டாரோ, உங்களுக்கோ ஆச்சி மறதி, ஆரும் நம்புவினமோ என்றார். ஓம் தம்பி, ஆனால் ஒண்டு ரண்டு மிஞ்சிக் கிடக்கு, உம்முடைய கலியாண முகூர்த்தத்திலை மாப்பிள்ளையைக் காணேல்லை எண்டு தேடினதும், பிறகு உம்மை எங்கையிருந்து இழுத்துக்கொண்டு வந்தவை எண்டதும் நல்ல ஞாபகம், சொல்லட்டோ என்று கேட்டேன். முதலில் சிரித்தது அவருடைய பெண்சாதிதான். அவர் இருந்துவிட்டார். வைக்கோல் போருக்குள் இருந்து இழுத்தது என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன். தம்பிராசா கத்தியை வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்து, அந்தக் கதிரை வரிசை முழுக்கக் கூட்டிக்கொண்டு போய், இவ என்ரை மூத்தக்கா, என்னைத் தூக்கி வளர்த்தவ என்று சொல்லிக் காட்டினான். முதலில் இங்கிலிசில் சொன்னான். நான் நகரவில்லை. பிறகு தமிழிலும் சொன்னான்.

எனக்கும் ஒரு கதிரை போட்டார்கள், கால் நிலத்தில் முட்டவில்லை, எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். பின்னேரப் பந்திக்குத் தேங்காய்ப்பூக் காணாது என்று நின்றார்கள். ஒரு பாதியை எடுத்துத் திருவத் தொடங்கினேன். தம்பிராசா பட்டுவேட்டியோடு வந்து எனக்குப் பக்கத்தில் குந்தினான். ஒரு கிள்ளுத் தேங்காய்ப்பூவை எடுத்து வாயில் போட்டான். பிறகு, அக்கா, உண்மையாய் மறந்துபோச்சோ என்று மெல்லக் கேட்டான். பகிடி விடுகிறான் என்று நிமிர்ந்து பார்த்தேன், பகிடி இல்லை, பயந்துபோய் இருந்தான். பெட்டிசத்துக்குப் பயந்த பயம் அல்ல அது. அப்புவும் போய் எங்களைப் பெற்ற ஆச்சியும் போய், நானும் மறந்துவிட்டால் அவன் எப்போது பிறந்தான் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, சத்தியக் கடுதாசியில் உள்ள பொய் மட்டும்தான் மிஞ்சும். எனக்கு மனம் ஒரு மாதிரிப் போயிற்று. சுக்கில வருஷம், ஆவணி, உத்தராடம், விடியப்புறம், ஆண்பிள்ளை எண்டு அப்பு கூரையைத் தட்டக் கூரைத் தூசி என்ரை கண்ணுக்குள்ளை விழுந்தது, நீயும் அழுதாய் நானும் அழுதன், நான்தான் கூட அழுதனான் என்றேன். அவன் சிரித்தான், பிறகு சால்வையால் முகத்தைத் துடைத்தான். அப்ப எனக்கு அறுபத்துமூண்டு என்றான், என்னவோ பரிசு விழுந்த மாதிரி. ஓம், இனி அந்த வயதுக்கு ஏற்ற மாதிரி நட, தேங்காய்ப்பூவைக் களவெடுத்துத் தின்னாதை என்று கையில் ஒரு அடி போட்டேன்.

ஆகையால் தேங்காய்க் கோபம் தீர்ந்தது. ஆனால் வரும்போது பூரணம் கட்டித் தந்த பலகாரப் பெட்டியில் மெதுவான அரியதரம் ஒன்றுகூட இல்லை, அவ்வளவும் முறுக்கு, பல்லில்லாத எங்கள் இருவருக்கும். அதை நான் கவனித்து வைத்திருக்கிறேன்.

இனி உன் விஷயம். வருகிற தை ரோகிணியோடு உனக்கு நாற்பது முடிகிறது. உன் கந்தோரில் முப்பத்தெட்டு என்று இருக்கும். உன்னை இங்கிலிசுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுபோனது உன் மாமன்தான், தான் பட்ட பாடு மருமகன் படக்கூடாது என்று அங்கேயே இரண்டு வயதைக் குறைத்துவிட்டு வந்தான். கமலாவதிக்கு நீ எத்தனை என்று சொல்லியிருக்கிறாயோ தெரியாது, அவள் இதை வாசித்தால் என் பிழை இல்லை. அன்றைக்கு எண்ணெய் வைத்து முழுகு, பொங்கிப் படை, பிள்ளைகளுக்குப் பயற்றம் பணியாரம் சுட்டுக் கொடுக்கச் சொல்லு. கேக் வெட்ட ஆசையென்றால் வெட்டு, விளக்கை மட்டும் ஊதி நூர்க்காதே. கந்தோருக்கு நீங்கள் எதையும் சொல்லிக்கொள்ளுங்கோ. நந்தன வருஷம் தை மாதம் பின்னேரம் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கிற நேரம் நீ பிறந்தாய். நான் இருக்குமட்டும் உனக்கு நாற்பதுதான், விருப்பமென்றாலும் இல்லாவிட்டாலும். அதற்குப் பிறகு நீ எத்தனை என்றாலும் வைத்துக்கொள், கேட்க ஆள் இல்லை. ஆனபடியால் லீவு எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஒருமுறை வந்துவிட்டுப் போ. மாமனுக்குச் சொன்னதுபோல உனக்கும் பக்கத்தில் இருந்து சொல்லவேணும், கடுதாசியில் சொன்னால் அடிக்க ஏலாது.

நீயும் கமலாவதியும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் வாழவேணும், சந்நிதியான் உங்களைக் கைவிடமாட்டான். மழைக்குள் தலை நனையாதே. ஒரு காரியம் மறந்துவிடாதே, உன் மாமனின் பென்சன் இன்னும் வரவில்லை, வாசித்து முடிந்தவுடனே இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. எரிந்தால் எரியட்டும், இதில் உள்ளதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்படிக்கு,
சபையில் மறந்து வீட்டில் மறவாத உன் அம்மா,
சின்னாச்சி