போர் வண்டி இன்ஜின்

ஆடி 27, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மலை உச்சியில் ஒரு துண்டு மேகம். இறங்குகிற எண்ணமே இல்லை அதற்கு.

டீக்கடையில் மானம் போனது. கீழ்பென்னாத்தூர் பாய் ஷெட்டில் நிற்கிற பழைய மூக்கு லாரியை நேற்று பார்த்துவிட்டு வந்த பெருமையில் அளந்துகொண்டிருந்தேன். மிலிட்டரியில் கழித்த வண்டி. பச்சை பெயிண்ட், முன்னால் நீள மூக்கு, முழித்துப் பார்க்கிற இரண்டு லைட். பழைய இன்ஜின் போய், வேறு இன்ஜின் மாற்றியிருக்கிறார்கள். என்ன இன்ஜின் என்று கேட்டதற்கு பாய், "போர் வண்டி இன்ஜின்" என்றார். சண்டைக்குப் போன இன்ஜின் என்று நான் எடுத்துக்கொண்டேன். எல்லையில் குண்டுக்கு நடுவில் ஓடினது என்று கடையில் எடுத்துவிட்டேன். பனியும் கொட்டியது. பனி என் சொந்தச் சரக்கு.

டீ ஆற்றிக்கொண்டே மாஸ்டர் சொன்னான்: "அண்ணே, அது போர் போடற வண்டிங்க. எங்க கொல்லையில கூட வந்து போட்டுச்சு. தண்ணிதான் வரல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும், கடைசியாக. கொல்லைக்குக் கொல்லை போர் போட்டிருக்கிற ஊரில் பிறந்தவனுக்கு யுத்தம் ஞாபகம் வந்திருக்கிறது. பத்தாவது பாஸ் வேறு.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி செல்வி தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மகள் வெண்ணிலா சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எந்த இன்ஜின்பா? லாரி ஓடறதா, கம்ப்ரசர் ஓட்டறதா?"

போர் வண்டியில் இரண்டு இன்ஜினாம். ஒன்று வண்டியை இழுக்க. இன்னொன்று மேலே உட்கார்ந்துகொண்டு குழிக்குள் காற்று அடிக்க. இவ்வளவு நாள் தெரியாது எனக்கு. நாளைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆடி 28, புதன்

வெயில். எங்கள் பந்தல் வாடகைக் கடையை செல்வியிடம் விட்டுவிட்டு வெண்ணிலாவோடு கீழ்பென்னாத்தூர். பைக்கில் போகும்போது கேட்டாள், ஓசூர் ஹாஸ்டலில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று. தெரியலைம்மா என்றேன். திரும்பி வரும்போதும் அதையே கேட்டாள்.

திங்கட்கிழமை அவள் ஓசூரில் வேலைக்குச் சேர வேண்டும். கம்பெனியில் இன்ஜினை ஓட்டிப் பார்க்கிற பிரிவு. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே ஷோரூமில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள் என்று கேட்டால், பொண்ணு நீ ஆபீஸ்ல உக்காரும்மா என்பார்கள். ஸ்பேனர் பிடிக்கிற வேலைக்கு இப்போதுதான் ஒரு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவள் கண்டுபிடித்தவை:
- கம்ப்ரசர் இன்ஜினேதான்.
- உயரம் ஜாஸ்தி. அதனால் மூக்கு முழுசாக மூடாது. கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.
- இன்ஜின் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வெல்டிங். நல்ல வெல்டிங் என்றாள். பாய்க்கு சந்தோஷம்.
- மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து நம்பரைப் பார்த்தாள். ஆர்.சி.யில் இருப்பது பழைய இன்ஜின் நம்பர். மாற்றினதை எழுதவே இல்லை.

பாய் ஓட்டிக் காட்டினார். ஏரிக்கரை மேடு ஏறும்போது என்னதான் மிதித்தாலும் அதே சத்தம், அதே வேகம். சைக்கிளில் ஒருத்தர் எங்களை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"இது ஒரே வேகத்துல ஓடறதுக்குனு செஞ்சதுபா. மண்டை மேல பூட்டு போட்ட மாதிரி வெச்சிருப்பாங்க. நின்ன எடத்துலயே ஓடி ஓடிப் பழகிடுச்சி."

"அந்தப் பூட்ட எடுத்துட முடியுமா?"

"முடியும். கியரு விகிதமும் மாத்தணும். நாலஞ்சு மாசம் ஆவும்." முழங்கை வரைக்கும் கரி. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இவளை இப்படிப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

பாய் சொன்னது: ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், ஆவணி ஒன்று வரைக்கும் எனக்காக வைத்திருப்பார். ரமணாசிரமம் பக்கத்து காபிக் கடைக்காரர் ஒருத்தரும் கேட்கிறாராம். அவருக்கு ஆடியும் இல்லை ஆவணியும் இல்லை. வாசலில் நிறுத்தி, பின்னால் பெஞ்சு போட்டு, வெளிநாட்டுக்காரர்களுக்குக் காபி கொடுப்பார். இன்ஜின் வேண்டாமாம். கழற்றிப் போட்டுவிடுவாராம்.

இரவு செல்வி கேட்டாள், எதுக்கு இந்த வண்டி என்று. பந்தல் கால், அண்டா, நாற்காலி எல்லாம் ஏற்றலாம், வாடகைக் கடைக்கு ஆகும் என்றேன். நம்பவில்லை. நின்ற இடத்தில் ஓடுகிற இன்ஜின் என்று விளக்கினேன்.

"உங்கள மாதிரி. சத்தம் மட்டும் ஜாஸ்தி."

ஆடி 29, வியாழன்

மத்தியானம் தூறல். மறந்துபோய் சாமியானாவை மாடியில் காயப் போட்டிருந்தேன். நனைந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்து புரோக்கரைக் கேட்டேன். இன்ஜின் மாற்றினதை எழுதிக்கொள்ளலாம், அலையணும், ஆனா ஆகாததில்லை என்கிறார். அப்போ அதுவும் பெரிய தடை இல்லை.

டீக்கடையில் எனக்குப் புதுப் பெயர் 'கர்னல்'. டீ வைக்கும்போது மாஸ்டர் சல்யூட் அடிக்கிறான். அடித்துவிட்டுப் போகட்டும்.

நாள் முழுக்க ஒரே யோசனை. அத்தனை வருஷம் ஓடின இன்ஜின், தானாக ஒரு அடி கூட நகராமல். முதல் தடவை சக்கரம் சுற்றினபோது அதற்கு எப்படி இருந்திருக்கும்? இரும்புக்கு என்ன தெரியும். இருந்தாலும்.

ஆடி 30, வெள்ளி

சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு இரண்டு பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி போனது. கடைசி ஆடி வெள்ளி, தெருவில் கூழ் ஊற்றினார்கள். கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது. கூழ் மட்டும் இரண்டு சொம்பு.

கூழ்ப் பானையைக் கழுவிக்கொண்டே வெண்ணிலா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் இருப்பது தெரியாது அவளுக்கு.

"அப்பா வண்டிய வாங்கட்டும்மா. நான் போவல. இங்கயே இருந்து அத ரெடி பண்றேன். ஓசூர அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் கூப்புடுவாங்களா?"

பானையில் மறுபடியும் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

எனக்குச் சந்தோஷம். மறைப்பானேன். சாயந்திரம் முழுக்கச் சந்தோஷமாகவே இருந்தேன். வண்டியும் ஆச்சு, பிள்ளையும் வீட்டோடு ஆச்சு. கடைக்குப் பின்னால் காலி மனையில் வண்டி நிற்கிறது, அவள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனர் கேட்கிறாள், நான் தப்பான ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிறேன், திட்டுகிறாள். எல்லாம் கண்ணில் ஓடியது. ஆவணி ஒன்றில் மஞ்சள் தடவி, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம்.

படுத்த பிறகுதான் உறைத்தது. அவளுக்கு வண்டி ஆசை பாதி. ஓசூர் பயம் மீதி. நான் வாங்கினால் அந்தப் பயத்துக்கு நல்ல கூரை போட்டுக் கொடுத்த மாதிரி. பந்தல் போடுவதுதான் என் தொழில், அதற்காக இதற்குமா.

ஆடி 31, சனி

மழை இல்லை. காற்று.

செல்வியிடம் சொன்னேன், வண்டி வேண்டாம்னு. என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி" என்றாள். ஏன் என்று கேட்டிருந்தால் உளறியிருப்பேன்.

பாய்க்கு போன் செய்தேன். அவருக்கு வருத்தம். உங்க பொண்ணு கையில போவும்னு நெனச்சேங்க என்றார். வெல்டிங்கைப் பாராட்டினதை அவர் மறக்கவில்லை. காபிக் கடைக்காரர் இன்றே அட்வான்ஸ் கொடுத்துவிடுவாராம்.

வெண்ணிலா கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏன்பா?"

"நம்பர் சேரலையேம்மா."

"எழுதிக்கலாம்னு புரோக்கர் சொன்னாராமே?"

"இழுத்துடுவாங்க. வயசான வண்டி. எனக்கு எதுக்கு வம்பு?"

"பயந்துட்டியாபா?"

"ஆமா."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வேன் என்று எதிர்பார்க்கவில்லை போல. அடுக்கி வைத்திருந்த நாற்காலியில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கர்னலுக்கே பயமா என்றாள். டீக்கடைப் பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. ரோட்டைப் பார்த்தாள். அப்புறம், அப்போ நான் இங்க இருந்து என்னா பண்றது என்றாள். கேள்வி மாதிரி இல்லை. நான் கரண்டி எண்ணுவது போல் குனிந்துகொண்டேன்.

சாயந்திரம் பை அடுக்கினாள். பெரிய பையில் ஜிப் சரியில்லை. சோப்புத் தேய்த்து நான் சரி பண்ணினேன். அந்தளவு மெக்கானிக் நான்.

ஆவணி 1, ஞாயிறு

வெயில் லேசு. பஸ் ஸ்டாண்டில் கல்யாணக் கூட்டம், ஆவணி பிறந்ததும் எல்லோருக்கும் அவசரம். ஓசூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. செல்வி புளிசாதம் கொடுத்தாள், ஊறுகாயைத் தனியாகக் கட்டினாயா என்று நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் முறைத்தாள்.

வெண்ணிலா ஜன்னலில் இருந்து குனிந்து, "இந்த இன்ஜின் சத்தம் சரியில்லபா, இன்ஜெக்டர் பாக்கணும்" என்றாள். டிரைவர் காதில் விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்துவிட்டு, ஆமாம்மா, சொல்லியிருக்கேன், டிப்போல யாரும் கேக்கல என்றார். அவளுக்குச் சிரிப்பு. பயம் இருந்தது, ஆனால் சிரிப்பும் இருந்தது.

சாப்பிட்டுடு என்றேன். போன் பண்ணு என்றேன். யாராவது சண்டை போட்டால் திருப்பிப் போடு என்றேன். செல்வி என் கையைக் கிள்ளினாள்.

பஸ் நகர்ந்தது. இறங்கி வந்துடும்மா, வண்டிய வாங்கிடலாம் என்று மட்டும் சொல்லவில்லை.