எண்பத்தொரு வாட்

2025 மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் சுட்டாயிற்று. அறுநூற்றுப் பன்னிரண்டு வாட் வரை லேசரை ஏற்றினேன். ஒரு சின்ன 'டிக்'. அவ்வளவுதான். தூண்டில் போடும் தங்கூசித் தடிப்பில் இருக்கும் கண்ணாடி இழைக்குள் இவ்வளவு வெளிச்சத்தை அடைத்தால், நுனியில் ஒரு தூசி கிடந்தாலே போதும், எல்லாம் எரிந்துவிடும். இழையைச் சுட்டவர் கேக் வாங்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வுகூடச் சட்டம். இந்த வருடத்தில் இது என்னுடைய ஐந்தாவது கேக்.

சடகோபனுக்கு ஒரே சந்தோஷம். திருச்சிக்காரர், நான்கு வருடமாக என்னோடு வேலை. "மேடம், போன தடவை சாக்லேட். இந்தத் தடவை மாம்பழம் போட்டது வாங்குங்க" என்கிறார். மேடம் என்று கூப்பிடாதீர் என்று நான்கு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூன் 30உடன் என் ஒப்பந்தம் முடிகிறது. ஒன்பது வருடத்தில் ஒன்பது ஒப்பந்தம், வாடகைக்கு இருக்கிறவள் மாதிரி. ஆயிரம் வாட் காட்டினால், ஆய்வுக்குப் பணம் தரும் கொம்பனி மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடும் என்று பேராசிரியர் கிரெக் சொல்கிறார். காட்டாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மற்ற லேசர்களுக்கு ஆயிரம் வாட் ஒரு பொருட்டே இல்லை. எங்களுடையது கண்ணுக்கே தெரியாத, நீண்ட அலை வெளிச்சம். மகா பிடிவாதக்காரி. என்னைப் போல என்று என் கணவர் மோகன் சொல்லுவார்.

மார்ச் 5

கல்யாண மோதிரத்தை இன்றும் லாப்பில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் என்று வாசலிலேயே கழற்றி வைக்கிறது. மோகன்: "உனக்குப் புருஷன் ஞாயிற்றுக்கிழமையில மட்டும்தான்."

மார்ச் 16, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வர செல்வராணி அன்ரி பிடித்துக்கொண்டா. மன்னார்ச் சனத்தின் செய்திகள் முழுக்க அவவின் கைபேசி வழியாகத்தான் ஓடுகின்றன. "டொறத்தி, நீ லேசர்தானே செய்யிறாய்? எனக்கு நாடியில நாலு மயிர் கிடக்கு பிள்ளை." அன்ரி, என்ர லேசர் பட்டால் நாடியே மிஞ்சாது என்றேன். நம்பவில்லை. வேறு யாருக்கோ செய்து கொடுக்கிறேன் என்று நினைக்கிறா.

ஏப்ரல் 8, செவ்வாய்

874 வாட்! இந்தத் தடவை இழை தப்பிவிட்டது, பிரிக்கும் கண்ணாடி வெடித்துவிட்டது. கேக் இதற்கும் உண்டாம்.

நாங்கள் இழைக்குள் ஊட்டும் வெளிச்சம் ஒன்று, வெளியே வர வேண்டிய வெளிச்சம் வேறு. ஊட்டியதில் இழை விழுங்காமல் விட்ட மிச்சமும் மறுமுனையால் வரும். அதை ஒதுக்கிவிடுவதுதான் அந்தக் கண்ணாடியின் வேலை. புதியது வர ஒரு மாதமாகும். ஒரு மாதம்! ஜூனுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறதாம்?

"அது இல்லாமலே அளப்பம்" என்றேன். "மிச்சம் நூறுக்கு ஒரு வீதம்கூட இல்லை எண்டு போன வருஷம் அளந்தனாங்கள்தானே."

"அது இருநூறு வாட்ல மேடம். வெயிட் பண்ணலாமே."

"நீர் இருந்து வெயிட் பண்ணும்." கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். மனுஷன் போய்த் தேநீர் போட்டார். எனக்கும் ஒன்று போட்டார், சீனி இல்லாமல்.

ஏப்ரல் 16, புதன்

1012.

திரும்பவும் எழுதுகிறேன்: ஆயிரத்துப் பன்னிரண்டு. பதினொரு நிமிடம் அசையாமல் நின்றது. கிரெக் மீட்டருக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படமெடுத்தார், கொம்பனிக்கு உடனேயே அனுப்பினார். மே 14 வருகிறார்களாம், கையெழுத்துப் போட. மோகன் பஸ் ஓட்டம் முடிந்து வரும்போது மட்டன் ரோல்ஸ் வாங்கி வந்தார். எட்டு ரோல்ஸ் தின்றோம். அதில் ஐந்து எனக்கு.

மூன்று வருடம். மூன்று வருடத்துக்கு ஒருவரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

நான் புதுவகை மின்சாரம் கண்டுபிடித்திருப்பதாகச் செல்வராணி அன்ரி கோயில் முழுக்கச் சொல்லியிருக்கிறா. பாதர் வந்து கைகொடுத்தார். மறுக்க நேரமிருக்கவில்லை.

மே 5, திங்கள்

கண்ணாடி வந்தது. நான் ரயில் பிந்தி, வீடு இருக்கும் வெரிபீயிலிருந்து போய்ச் சேர முன்னமே சடகோபன் அதைப் பூட்டி, லேசரை அன்றைய அளவுக்கே ஏற்றி வைத்திருந்தார். மீட்டரில் 931.

"கண்ணாடி கோணலாக இருக்கும்" என்றேன்.

"நேரா வச்சுட்டேன்."

"மீட்டர் சூடேறியிருக்கும்."

"ஆற வச்சு மூணு தடவை பாத்துட்டேன் மேடம்." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அப்படியென்றால் அந்த 1012இல் எண்பத்தொரு வாட் மிச்ச வெளிச்சம். அதிகமாக ஏற்ற, வெளிச்சம் ஊட்டும் டயோட்டுகள் சூடேறி நிறம் சற்று மாறும், இழை முன்போல விழுங்காது, மிச்சம் கூடும். இதை நான் மாணவர்களுக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறேன். இரண்டாம் கிழமைப் பாடம். பாலில் தண்ணீர் கலந்துவிட்டுப் பசு நிறையக் கறந்தது என்று படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். விசரி. விசரி. வேறென்ன சொல்லுறது என்னை?

மே 6

உண்மையாகவே ஆயிரத்தை எட்டிவிடலாம் என்று ஏற்றினேன். 958இல் டிக். கேக் வாங்க நான் போகவில்லை. சடகோபனே போய் வாங்கி வந்தார், மாம்பழம் போட்டது. யாரும் தொடவில்லை.

மே 7

கிரெக்கிடம் சொன்னேன். மீட்டரிலேயே ஐந்து வீதம் பிழை இருக்கும் டொறத்தி, அவர்களாகக் கேட்கவில்லையே, கையெழுத்தாகட்டும், ஜூலைக்குள் உண்மையான ஆயிரம் செய்துவிடுவாய் என்றார். கெட்டவர் இல்லை. என்னை வைத்திருக்கத்தான் பார்க்கிறார். அதுதான் பெரிய கரைச்சல்.

ரயிலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து வீதம் எனக்குச் சாதகமாகப் போட்டாலும் 978. வெட்கமில்லாமல் இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தேன்.

மே 11, அன்னையர் தினம்

பிள்ளை இல்லாத வீட்டில் மோகன் எனக்குப் பூ வாங்கிக் கொடுத்தார், லேசருக்கு அம்மா என்று. அழுதுவிட்டேன். பாவம், பயந்துபோனார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏழு வீதம்தானே? சோத்துக்கு உப்பு ஒரு கிள்ளுக் குறைஞ்ச மாதிரி" என்றார்.

"உங்கட பஸ்ஸில பிரேக் ஏழு வீதம் குறைஞ்சா எடுத்துக்கொண்டு போவியளோ?"

யோசித்தார். "இல்லை. அப்ப அவையிட்ட சொல்லன்."

"சொன்னா வேலை போகும்."

"போனா வீட்டில இரு. ஆனா என்ர குசினிக்குள்ள வந்து சுடுதண்ணி எத்தனை பாகையெண்டு அளக்கக் கூடாது. அதுக்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டன்."

சிரித்தேன். பிறகு பயமும் வந்தது. முப்பத்தொன்பது வயது. இதைவிட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?

மே 14, புதன்

கொம்பனியிலிருந்து மோனிகா என்ற எஞ்சினியரும் இன்னும் இருவரும் வந்தார்கள். கிரெக் படத்தைத் திரையில் போட்டார், 1012க்குப் பக்கத்தில் நான் பல்லெல்லாம் தெரிய. நான் எழும்பினேன். கதிரையைப் பிடித்துக்கொண்டேன். "இந்த எண் பிழை. 931தான் சரி. கண்ணாடி இல்லாமல் அளந்தது நான். வேண்டாம் என்று சொன்னவர் சடகோபன்."

கிரெக் கண்ணை மூடினார். மோனிகா மட்டும் கேட்டா: "நாங்கள் கண்டுபிடித்திருப்போமா?" இல்லை, வருடக்கணக்கில் தெரிந்திருக்காது என்றேன். ஏதோ எழுதிக்கொண்டா. போகும்போது மூவரும் கைகொடுத்தார்கள். கை குளிர்ந்தது அவர்களுக்கா எனக்கா தெரியவில்லை.

தேநீர் அறையில் சடகோபன்: "என் பேரைச் சொல்லாம இருந்திருக்கலாம் மேடம்." ஏன் என்றேன். "கூச்சமா இருக்கு." இந்தத் தடவை சீனி போட்டிருந்தார்.

மே 30, வெள்ளி

கடிதம் வந்தது. வருந்துகிறார்களாம். நிபந்தனை ஆயிரமாம். நேர்மைக்கு நன்றியாம். நன்றியை வைத்து என்ன செய்யிறது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிறதோ?

நல்லாய் அழுதன்.

ஜூன் 30, திங்கள்

மேசையைத் துடைத்தேன். திருத்திய எண்ணோடு லேசர் பற்றிய ஆய்வுக் கட்டுரையைச் சஞ்சிகைக்கு அனுப்பினோம், என் பெயரும் சடகோபன் பெயரும். கேக்கைக் கிரெக் வாங்கி வந்தார். யாரும் எதையும் சுடாமலே.

ஜூலை 20, ஞாயிறு

செல்வராணி அன்ரி கோயிலில் தோளைத் தட்டினா. "மின்சாரம் பிழைச்சுப் போச்சாமே பிள்ளை." ஓம் அன்ரி, பிழைச்சுப் போச்சு.

ஆகஸ்ட் 21, வியாழன்

டண்டினொங் தொழிற்பேட்டையில் வேலை தொடங்கி மூன்றாம் கிழமை. தொழிற்சாலைகளுக்குப் போய் இரும்புத் தகடு வெட்டும் லேசர்களைத் திருத்துகிறேன். இன்றைக்கு சிறி அண்ணையின் பட்டறை. யாழ்ப்பாணத்து மனுஷன், கேற்றும் பார்பிக்யூ தட்டும் வெட்டுகிறார். அவருடைய லேசர் ஆறாயிரம் வாட். ஆறாயிரம். அதற்கு மேலே சாப்பாட்டுப் பெட்டியை வைத்திருக்கிறார்.

ஒரு மணித்தியாலத்தில் திருத்திக் கொடுத்தேன். அரை அங்குல இரும்பு வெண்ணெயாக வெட்டுப்பட்டது. எனக்கு ஏனோ சரியான சந்தோஷம். அண்ணை தேநீர் தந்து விசாரித்தார், பிள்ளை இதுக்கு முதல் எங்கை, என்ன செய்தனீர் என்று.

"நானும் லேசர்தான் அண்ணை செய்தனான். தொள்ளாயிரத்து முப்பத்தொரு வாட்."

தன் இயந்திரத்தை ஒருதரம் பார்த்தார். என்னையும் பார்த்தார், பாவமென்று.

"அவ்வளவுதானோ?"

"ஓம் அண்ணை" என்றேன். "சரியா அவ்வளவுதான்."